அந்தப் புள்ளி யாரோடு வந்தது?

தை அமாவாசைக்கு முந்தின இரவு. நாங்குநேரிப் பக்கம் ஒரு குளத்துக் கரையில் முக்காலியை ஊன்றி, கேமராவை ஏறக்குறைய நேர் மேலே பார்க்க வைத்திருந்தேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்து மறுகால் பாய்ந்த குளம் அசையாமல் கிடந்தது. மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்த பிறகுதான் எங்கள் பக்கத்து வானம் துலக்கிவைத்த தாம்பாளம் மாதிரி இருக்கும். திருவாதிரை நட்சத்திரம் உச்சந்தலையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. அதற்குச் சற்றுத் தெற்கே வரிசையாக மூன்று நட்சத்திரங்கள். ஓரியன் என்ற வேட்டைக்காரனின் இடுப்புக் கச்சை என்பார்கள். நான் குறிவைத்தது அந்த மூன்றையும்தான்.

மோட்டார் போட வந்த அண்ணாச்சி ஒருவர் டார்ச்சைத் தரைக்குத் தாழ்த்திக்கொண்டு நின்று பார்த்தார். "வானத்துல என்னத்தத் தேடுதிய தம்பி?" என்றார்.

"ஒண்ணும் தேடல அண்ணாச்சி. நட்சத்திரம் நகருறதப் படம் எடுக்கேன்."

135 மில்லிமீட்டர் பழைய லென்ஸ், ஒரு படத்துக்கு 30 விநாடி, விடாமல் 60 படம். மொத்தம் அரை மணி நேரம். நட்சத்திரத்தோடு சேர்த்து கேமராவைத் திருப்பும் கருவி எதுவும் வைக்கவில்லை. அப்படி எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு கோடாக இழுபட்டுத் தெரியும். வீட்டுக்கு வந்து அடுக்கினேன். கோடுகள் எல்லாம் சீப்பால் வாரிவிட்ட மாதிரி கிழக்கிலிருந்து மேற்கே ஓடின. ஆனால் படத்தின் நடுவில், பக்கம் பக்கமாக இரண்டு சின்னப் புள்ளிகள். அவை இழுபடவே இல்லை. தாமிரபரணியில் வெள்ளம் போகும்போது குறுக்குத்துறை முருகன் கோவில் நிற்குமே, அப்படி நின்றன. நட்சத்திரங்கள் எல்லாம் இரண்டு பக்கமும் அவற்றைக் கடந்து போயிருந்தன.

வானத்தைப் படம் எடுக்கத் தொடங்கும் எல்லோருக்கும் முதல் மாதத்திலேயே இந்தக் கேள்வி வந்துவிடும். படத்தில் ஏதோ இருக்கிறது, என்ன அது? பெரும்பாலும் பார்க்க எப்படி இருக்கிறது என்பதை வைத்தே பெயர் சூட்டப் பார்க்கிறோம். சிவப்பாக இருந்தால் செவ்வாய், வால் மாதிரி நீண்டிருந்தால் வால்நட்சத்திரம். இது சரிவராது. படத்தில் விழும் எல்லாமே ஒரு புள்ளியாகவோ, ஒரு கோடாகவோ, மங்கலான ஒரு திட்டாகவோதான் இருக்கும். லட்சக்கணக்கான பொருள்களுக்கு மூன்றே உருவம் என்றால் உருவத்தை வைத்து என்ன கண்டுபிடிப்பது?

எங்கள் பக்கம் சுடலைமாடன் கோவில் கொடை நடக்கும்போது ஊர் கொள்ளாத கூட்டம் இருக்கும். அதில் தெரியாத பிள்ளை ஒன்று நின்றால், முகத்தை உற்றுப் பார்த்து எந்த வீடு என்று யோசித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். "நீ யாருகூட வந்தே?" என்று கேட்பார்கள். பிள்ளை யார் பின்னால் நடக்கிறது என்று பார்த்தால் வீடு தெரிந்துவிடும். படத்தில் நிற்கும் தெரியாத பொருளிடமும் இதைத்தான் கேட்க வேண்டும். நட்சத்திரங்களோடு போகிறதா? தரையோடு நிற்கிறதா? கேமராவோடு வந்ததா? ஏதாவது ஒரு பெரிய வெளிச்சத்தின் பின்னாலேயே திரிகிறதா? இல்லை, யாரோடும் சேராமல் தன் வழியில் போகிறதா?

இதைக் கேட்க ஒரு படம் போதாது. நகர்வு தெரிய வேண்டுமென்றால் அடுத்தடுத்து எடுத்த இரண்டு மூன்று படமாவது வேண்டும். அதனால்தான் புதிதாகப் படம் எடுக்க வருகிறவர்களிடம், பத்து நிமிஷத்துக்கு ஒரே படமாக எடுக்காதீர்கள், அதையே சின்னச் சின்னதாக இருபது படமாக எடுங்கள் என்று எப்போதும் சொல்கிறேன்.

பூமி சுற்றுவதால் வானம் மணிக்கு 15 டிகிரி மேற்கே நகர்வதாகத் தெரிகிறது. முழு நிலாவின் அகலம் அரை டிகிரி. ஆக, இரண்டு நிமிஷத்துக்கு ஒரு நிலா அகலம். ஓரியன் கச்சைப் பக்கம் 30 விநாடியிலேயே நட்சத்திரம் கால் நிலா தூரம் போய்விடும். வானத்தைச் சேர்ந்த எதுவானாலும் இந்த வேகத்தில், இந்தத் திசையில் போயே தீர வேண்டும். என் புள்ளிகள் இரண்டும் போகவில்லை. ஆகவே நட்சத்திரம், கோள், வால்நட்சத்திரம் எல்லாம் அந்த நிமிஷமே கணக்கிலிருந்து கழிந்துவிட்டன. மிச்சம் இருந்தது கேமராவா, தரையா என்பதுதான். கேமராவும் அன்று தரையில்தான் ஊன்றி நின்றது, அதனால் இந்த இரண்டையும் பிரிப்பதில்தான் சிக்கல்.

முதல் சந்தேகம் கேமரா மேல்தான் வர வேண்டும். உள்ளே இருக்கும் சென்சாரில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பிக்சல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வெளிச்சத்தை வாங்கிச் சேர்க்கும் ஒரு குட்டிக் கிண்ணம். அவற்றில் சில, வெளிச்சமே விழாவிட்டாலும் சூட்டினாலேயே நிரம்பிவிடும். ஹாட் பிக்சல் என்பது இதைத்தான். ஆறேழு டிகிரி வெப்பம் கூடினால் இந்தக் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். தை மாதத்தில் பத்துப் புள்ளி காட்டும் கேமரா, கத்திரி வெயில் காலத்து இரவில் புழுதி வாரி இறைத்த மாதிரி புள்ளிகளைக் காட்டுவது இதனால்தான்.

ஹாட் பிக்சலை அடையாளம் காண இரண்டு வழி வைத்திருக்கிறேன். ஒன்று, படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார்ப்பது. நட்சத்திரமோ வேறு நிஜ வெளிச்சமோ லென்ஸ் வழியாக வந்தால், எவ்வளவு துல்லியமாகக் குவித்தாலும் மூன்று நான்கு பிக்சலுக்குப் பரவி, நடு பிரகாசமாக, ஓரம் மங்கலாக உருண்டு இருக்கும். ஹாட் பிக்சல் ஒரே பிக்சலில் ஊசி குத்திய மாதிரி நிற்கும். அப்பட்டமான சிவப்பு, பச்சை, நீலம் இவற்றில் ஒன்றாக இருக்கும். ஜேபெக் கோப்பாக மாறும்போது சின்னச் சிலுவை மாதிரி ஆகிவிடுவதும் உண்டு. இன்னொரு வழி அதைவிட எளிது: லென்ஸ் மூடியைப் போட்டு, அதே 30 விநாடிக்கு, அதே ஐஎஸ்ஓவில் (கேமராவின் ஒளியுணர்வு அளவு), அதே குளிரில் ஒரு படம் எடுங்கள். இருட்டுப் படம். வானத்தைப் பார்க்காமலே அந்தப் புள்ளி அதிலும் இருந்தால் அது கேமரா வீட்டுப் பிள்ளை. படம் எடுக்கப் போகும் ஒவ்வொரு இரவும் கடைசியில் ஐந்து இருட்டுப் படம் எடுத்துவிட்டுத்தான் முக்காலியை மடக்குவேன். அன்றும் எடுத்திருந்தேன். பார்த்தேன். இருட்டுப் படத்தில் என் புள்ளிகள் இல்லை. பெரிதாக்கிப் பார்த்தபோது உருண்டையாக, வெள்ளையாக, நான்கு பிக்சல் அகலத்துக்குப் பரவி இருந்தன. லென்ஸ் வழியாக வந்த வெளிச்சம்தான், சந்தேகமில்லை.

ஒரே ஒரு படத்தில் மட்டும் ஒரு புள்ளியோ, வளைந்த புழு மாதிரி ஒரு கீற்றோ வந்து, முன்னும் பின்னும் உள்ள படங்களில் காணவில்லை என்றால், விண்வெளியிலிருந்து வந்த காஸ்மிக் கதிரின் துகள் ஒன்று சென்சாரைத் துளைத்துப் போயிருக்கலாம். அதுவும் கேமரா கணக்கில்தான் சேரும்.

லென்ஸ் செய்யும் மாயம் ஒன்று உண்டு, இதில் ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். நிலாவோ, வெள்ளியோ, தெருவிளக்கோ படத்துக்குள் இருந்தால், அதன் வெளிச்சம் லென்ஸின் கண்ணாடிகளுக்கு இடையே முட்டித் திரும்பி, படத்தில் இன்னொரு இடத்தில் மங்கலான ஓர் உருவமாக விழும். 'நிலாவுக்குப் பக்கத்தில் இன்னொரு கோள்' என்று செல்போனில் சுற்றும் படங்களில் நான் பார்த்தவை அநேகமாக இந்த வகைதான். கண்டுபிடிப்பது சுலபம். பிரகாசமான வெளிச்சத்திலிருந்து படத்தின் நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோட்டின் மறுகையில் நம் மர்மப் பொருள் உட்கார்ந்திருக்கும். கேமராவை லேசாக ஒரு பக்கம் திருப்பினால் நிலா படத்தில் இடம் மாறும், இது அதற்கு எதிர்ப்பக்கம் நழுவும். இன்னொன்று: 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்பார்களே, அந்தப் பனி முதலில் துளைப்பது லென்ஸைத்தான். கண்ணாடியில் பனி படர்ந்தால் பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றிப் பஞ்சு மாதிரி ஒளிவட்டம் வரும். அதை நெபுலா, அதாவது விண்வெளியில் பரவிக் கிடக்கும் வாயு, தூசி மேகம் என்று நினைத்துவிடக் கூடாது. நிஜ நெபுலா எல்லா நட்சத்திரத்தையும் சுற்றி ஒரே மாதிரி இருக்காது. மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி ஒரு படம் எடுத்தால் தெரிந்துவிடும்.

கேமராவும் இல்லை, லென்ஸும் இல்லை என்றால் என் புள்ளிகள் தரையோடு நிற்பவை. ராதாபுரம், பணகுடிப் பக்கம் அடிவானத்தைச் சேர்த்துப் படம் எடுத்தால் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் இப்படித்தான் இழுபடாமல் நிற்கும். ஆனால் என் கேமரா பார்த்தது உச்சி வானத்தை. அங்கே கோபுரமும் கிடையாது, மரமும் கிடையாது. தலைக்கு மேலே தரையோடு நிற்பது எது?

அது புவிநிலைச் செயற்கைக்கோள். நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோளை விட்டால், அது ஒரு சுற்று வர ஆகும் நேரமும் பூமி தன்னைத்தானே சுற்ற ஆகும் நேரமும் ஒன்றாகிவிடும். நாமும் சுற்றுகிறோம், அதுவும் கூடவே சுற்றுகிறது. கீழே இருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்கிறது. மாடியில் மல்லாந்து கிடக்கும் டிஷ்ஷை ஒருமுறை திருகி வைத்தபின் திருப்பவே தேவையில்லாமல் இருப்பது இதனால்தான். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கல். ஆனால் அசையாத கேமராவுக்கு அது ஒரு வசதி. நட்சத்திரம் தன் வெளிச்சத்தைக் கோடாக இழுத்துப் பல பிக்சல்களுக்குப் பங்கு வைத்துவிட்டுப் போகிறது. செயற்கைக்கோளோ 30 விநாடியும் அதே நான்கு பிக்சலில் வெளிச்சத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அதனால் மங்கலானது தெளிவாகப் பதிந்துவிடுகிறது.

ஓரியனின் கச்சைக்குள் அது எப்படி வந்தது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். பூமியின் நடுக்கோட்டை அப்படியே வானத்துக்கு ஏற்றினால் வான நடுக்கோடு. ஓரியனின் கச்சை அந்தக் கோட்டை ஒட்டியே இருக்கிறது: மேற்கே உள்ள நட்சத்திரம் கோட்டுக்குத் தெற்கே 0.3 டிகிரி, நடுவில் உள்ளது 1.2, கிழக்கே உள்ளது 1.9. புவிநிலைச் செயற்கைக்கோள்களும் நடுக்கோட்டுக்கு மேலேயே நிற்கின்றன. ஆனால் நாம் நடுக்கோட்டில் நிற்கவில்லை. திருநெல்வேலி அதற்கு வடக்கே 8.7 டிகிரியில் இருக்கிறது. செயற்கைக்கோள் நட்சத்திரம் அளவுக்குத் தொலைவில் இல்லாததால், வடக்கே இருந்து பார்க்கும் நமக்கு அது கொஞ்சம் தெற்கே தள்ளித் தெரியும். முகத்துக்கு முன்னால் விரலை நீட்டி ஒரு கண்ணை மாற்றி மற்றக் கண்ணால் பார்த்தால் விரல் தாவுவது போல. எவ்வளவு தள்ளி என்று கணக்குப் போட்டால் நமக்கு 1.5 டிகிரி வருகிறது. நடு நட்சத்திரத்துக்கும் கிழக்கு நட்சத்திரத்துக்கும் சரியாக இடையே! சென்னையிலிருந்து பார்த்தால் 2.3 டிகிரி, கச்சைக்குக் கீழே இறங்கிவிடும். லண்டனிலிருந்து 7 டிகிரிக்கும் மேல், வேட்டைக்காரனின் வாளையும் தாண்டிவிடும். எங்கள் ஊர் ஆள் எடுத்தால்தான் செயற்கைக்கோள் கச்சைக்குள் மணி கோத்த மாதிரி விழும். படத்தில் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பது, எந்த ஊரில் நின்று எடுத்தோம் என்பதையும் பொறுத்தது என்று நான் முழுசாகப் புரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் ஊரையும் நேரத்தையும் கொடுத்துப் பார்த்தேன். புள்ளிகள் நின்ற இடம் கிழக்குத் தீர்க்கரேகை 83 டிகிரிக்கு மேலே. ஜிசாட்-10, ஜிசாட்-30 முதலிய நம் நாட்டுச் செயற்கைக்கோள்கள் பக்கம் பக்கமாக நிறுத்தப்பட்டிருக்கும் இடம் அது. இஸ்ரோவின் ராக்கெட்டுகளுக்கான திரவ எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி, நான் கேமரா வைத்திருந்த கரையிலிருந்து பார்த்தால் தென்மேற்கே தெரியும் மலைதான்.

இதையே நட்சத்திரத்தோடு திரும்பும் கருவி வைத்து எடுத்தால் எல்லாம் தலைகீழாகும். நட்சத்திரங்கள் புள்ளியாக நிற்கும், செயற்கைக்கோள் கிழக்கு நோக்கிக் கோடாக ஓடும். இன்னொரு சோதனையும் உண்டு. மாசி நடு முதல் பங்குனி முடியவும், அதேபோல் புரட்டாசியை ஒட்டியும், புவிநிலைச் செயற்கைக்கோள்கள் நள்ளிரவை ஒட்டிப் பூமியின் நிழலுக்குள் புகுந்துவிடும். அசையாமல் நின்ற புள்ளி மறைந்து, அதிகபட்சம் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் அதே இடத்தில் திரும்ப எரிந்தால் பூமியின் நிழலைப் படம் பிடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

சரி, தனியாகப் போகிறவர்களுக்கு வருவோம். இவர்களைப் பிரிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. விமானம் விட்டு விட்டு மின்னும் விளக்குகளோடு, தையல் போட்ட மாதிரி போகும். எரிநட்சத்திரம் ஒரே படத்தில் மட்டும், நுனி மெலிந்து நடு பருத்து, சில சமயம் பச்சை ஓரத்தோடு விழும். தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள் சீரான ஒரு கோடாக, அடுத்தடுத்த படங்களில் தொடர்ந்து வரும். சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. இவை பெரும்பாலும் பொழுது சாய்ந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரத்திலும் விடியலுக்கு முன்பும்தான் தெரியும், நடு இரவில் பூமியின் நிழலுக்குள் போய்விடும். எது கடந்து போனது என்று பார்க்க ஹெவன்ஸ்-அபோவ் தளத்தில் நேரத்தையும் இடத்தையும் கொடுத்தால் போதும். ஆனால் கேமராவின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். இடமும் சொந்த ஊராகவே இருக்கட்டும், சென்னையைக் கொடுக்காதீர்கள். 400 கிலோமீட்டர் உயரத்தில் தலைக்கு மேலே போகும் பொருள், நாம் 100 கிலோமீட்டர் தள்ளி நின்றாலே வானத்தில் 14 டிகிரி விலகித் தெரியும்.

தனியாகப் போகிறவர்களில் பொறுமையைக் கேட்பது குறுங்கோள். அது ஒரு இரவின் ஒரு படத்தில் அச்சு அசல் நட்சத்திரம் மாதிரியே இருக்கும். அடுத்த நாளோ, சில மணி நேரம் கழித்தோ எடுத்த படத்தோடு ஒப்பிட்டால்தான் இடம் மாறியிருப்பது தெரியும். 1930 ஜனவரி 23, 29 ஆகிய இரண்டு இரவுகளில் ஃபிலிமுக்குப் பதிலாகக் கண்ணாடித் தகடுகளில் எடுத்த படங்களை மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் கிளைட் டோம்பா பிப்ரவரி 18 அன்று புளூட்டோவைக் கண்டுபிடித்தார். இன்றைக்கு நம் கம்ப்யூட்டரில் இரண்டு படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து மேலே உள்ளதை அணைத்து எரித்துப் பார்த்தால் போதும். நகர்ந்தது மட்டும் தத்தித் தத்திக் குதிக்கும்.

இப்போது நட்சத்திரங்களோடு சேர்ந்து போகும் பொருள். கேமரா இல்லை, லென்ஸ் இல்லை, தரை இல்லை. வானத்தோடு அதே வேகத்தில் போகிறது. மனசு துடிக்கத்தான் செய்யும். ஆனால் அடுத்து கேட்க வேண்டியது, இது ஏற்கனவே ஊரறிந்த ஆளா என்று. முதலில் படம் வானத்தின் எந்தப் பகுதி என்று தெரிய வேண்டும். அதற்கு அஸ்ட்ரோமெட்ரி.நெட் என்ற இலவசத் தளம் இருக்கிறது. நம் படத்தில் உள்ள நட்சத்திரங்களை நான்கு நான்காகச் சேர்த்து, அவற்றுக்கு இடையே உள்ள தூரங்களின் விகிதத்தை அது எடுத்துக்கொள்கிறது. படத்தைத் திருப்பினாலும் பெரிதாக்கினாலும் இந்த விகிதம் மாறாது. கைரேகை மாதிரி. அதைத் தன்னிடம் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டு, படத்தின் நடு இன்ன இடம், இதில் இருப்பவை இன்ன இன்ன என்று பெயர் எழுதிக் கொடுத்துவிடும்.

பட்டியல் போடும் வேலையே இந்தக் குழப்பத்தில் பிறந்ததுதான். பாரிசில் வால்நட்சத்திரம் தேடிய சார்ல் மெசியே 1758-இல் ஒரு மங்கலான திட்டைப் பார்த்தார். வால்நட்சத்திரமாக இருந்தால் நகர வேண்டும். அது நட்சத்திரங்களோடேயே நின்றது. இன்றைக்கு நண்டு நெபுலா என்று சொல்வது அதைத்தான். இப்படி ஏமாற்றுகிறவற்றை எல்லாம் அவர் எழுதி வைக்க ஆரம்பித்ததுதான் இப்போது 110 பொருள்கள் கொண்ட மெசியே பட்டியலாக நிற்கிறது. ஆனால் அது பாரிசு வானத்துப் பட்டியல். தெற்கே ஆழமாக உள்ளவை பாரிசில் உதிப்பதே இல்லை. எங்கள் பக்கத்து ஆள் மெசியே பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தெற்கே கேமராவைத் திருப்பினால் கட்டாயம் திகைப்பார். கோடைக்கால இரவில் சித்திரை நட்சத்திரம் உச்சிக்கு வரும்போது, அதற்கு நேர் தெற்கே, அடிவானத்திலிருந்து 34 டிகிரி உயரத்தில் ஒரு பஞ்சு உருண்டை விழும். எனக்குத் தெரிந்து மூன்று பேர் அதை வால்நட்சத்திரம் என்று நினைத்துத் தூக்கம் கெட்டிருக்கிறார்கள். அது ஒமேகா சென்டாரி, சுமார் 17,000 ஒளியாண்டு தூரத்தில் லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் நெருங்கிக் கிடக்கும் கொத்து. பழங்கால வானியலாளர் தாலமி அதை ஒற்றை நட்சத்திரமாகத்தான் எழுதியிருந்தார். 1677-இல் செயின்ட் ஹெலினா தீவுக்குப் போன எட்மண்ட் ஹாலிதான் அது வெறும் நட்சத்திரமாகத் தெரியவில்லை என்று குறித்தார். அதேபோல தை, மாசி இரவுகளில் அகத்திய நட்சத்திரத்துக்கும் கீழே, தென் அடிவானத்தை ஒட்டி ஒரு வெளிறிய திட்டு நின்றால், மேகம் என்று அழித்துவிடாதீர்கள். அடுத்த படத்திலும் நட்சத்திரங்களோடேயே நகர்ந்திருந்தால் அது பெரிய மாகெல்லன் மேகம், பக்கத்து விண்மீன் மண்டலம்.

பெயர் தெரிந்த நட்சத்திரமே ஆள் மாறித் தெரிவதும் உண்டு. மெட்ராஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ரெட்டிகுலம் என்ற தென்வானக் கூட்டத்தில் ஒரு நட்சத்திரம் ஒளி மாறுவதைக் கண்டுபிடித்தார். நெல்லையப்பர் கோவில் தாமிர சபையில் ஆண்டுதோறும் மார்கழியில் நாம் கொண்டாடும் திருவாதிரையே 2019 கடைசியில் மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரி வரை வெறும் கண்ணுக்கே வித்தியாசம் தெரியும்படி இருந்தது. அது வெளித்தள்ளிய தூசி அதையே மறைத்ததுதான் காரணம் என்று பிறகு ஆய்ந்து சொன்னார்கள்.

இவ்வளவு சல்லடையிலும் சலித்த பிறகும் ஒன்று மிஞ்சினால்? அது நடந்திருக்கிறது. அதுவும் என் படத்தில் உள்ள அதே இடத்தில். கச்சையின் கிழக்கு நட்சத்திரத்திலிருந்து இரண்டரை டிகிரி வடகிழக்கே எம்-78 என்ற நெபுலா இருக்கிறது. 2004 ஜனவரி 23 அன்று அமெரிக்காவின் கென்டக்கியில் ஜே மெக்நீல் என்ற அமெச்சூர், 76 மில்லிமீட்டர் தொலைநோக்கியில் அந்த இடத்தைப் படம் எடுத்தார். படத்தைச் சரிபார்க்கும்போது, வழக்கமாக அங்கே இல்லாத சின்ன விசிறி மாதிரி ஒரு திட்டைக் கண்டார். பழைய படங்களோடு ஒப்பிட்டார். அவற்றில் இல்லை. இளம் நட்சத்திரம் ஒன்று திடீரென்று பிரகாசித்துத் தன்னைச் சுற்றியிருந்த தூசிக்கு வெளிச்சம் போட்டிருந்தது. இன்று அதற்கு மெக்நீல் நெபுலா என்றே பெயர். பிறகு தேடியதில் 1966-இல் இன்னொரு அமெச்சூர் எடுத்த படத்திலும் அது இருந்திருக்கிறது, யாரும் கவனித்திருக்கவில்லை.

பழைய படங்களோடு ஒப்பிட நமக்கும் வழி இருக்கிறது. அலாடின் என்ற இணைய வான வரைபடத்தில் பாலோமர் மலையிலும் ஆஸ்திரேலியாவிலும் கண்ணாடித் தகடுகளில் எடுத்த முழு வானமும் கிடைக்கும். குறுங்கோளா என்று பார்க்க, குறுங்கோள்களுக்குக் கணக்கு வைத்திருக்கும் மைனர் பிளானட் சென்டரின் தளத்தில் நேரத்தையும் இடத்தையும் கொடுத்துத் தேடலாம். இவற்றில் எதுவும் பிடிபடவில்லை என்றாலும் அவசரப்பட வேண்டாம். முதலில் வேறொரு கேமராவில், முடிந்தால் வேறொரு ஊரிலிருந்து, இன்னொரு படம் வரட்டும். 1987 பிப்ரவரியில் சிலியில் பெரிய மாகெல்லன் மேகத்தைப் படம் எடுத்த இயன் ஷெல்டன், தகட்டில் புதிதாக ஒரு பெரும்புள்ளியைப் பார்த்துத் தகட்டின் கோளாறு என்றுதான் முதலில் சந்தேகப்பட்டார். அப்புறம் வெளியே போய் வானத்தை அண்ணாந்து பார்த்தார். அது அங்கே இருந்தது. 1604-க்குப் பிறகு வெறும் கண்ணுக்குத் தெரிந்த முதல் சூப்பர்நோவா, அதாவது வெடித்துச் சிதறும் நட்சத்திரம்.

நானும் மறுநாள் இரவு அதே கரைக்குப் போனேன். காலையில் பாபநாசத்துக்குத் தர்ப்பணத்துக்குப் போன கூட்டம் எல்லாம் திரும்பியிருந்தது. ரோட்டில் வண்டி வெளிச்சம் குறைவு. முக்காலியின் மூன்று கால்களும் முதல் நாள் பதிந்த குழிகள் ஈர மண்ணில் அப்படியே இருந்தன. அதிலேயே ஊன்றினேன். பத்துப் படம் எடுத்தபின் கேமராவை ஒரு விரலால் லேசாகத் தட்டித் திருப்பிவிட்டு மறுபடி பத்து. பின்திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். நட்சத்திரக் கோடுகள் எவ்வளவு தாவினவோ, இரண்டு புள்ளிகளும் அதே அளவு தாவியிருந்தன. கேமராவுக்குள் இருந்திருந்தால் அவை இடம் மாறியே இருக்காது. ஓரியனின் கச்சை அந்த இடத்துக்கு நேற்றைவிட நான்கு நிமிஷம் முன்னதாகவே வந்து சேர்ந்தது, நட்சத்திரங்கள் தினமும் அப்படித்தான் வரும். புள்ளிகளுக்கு முன் பின் என்று எதுவும் இல்லை, அங்கேயே இருந்தன.

அண்ணாச்சி மோட்டார் போட வந்தார். திரையைக் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"இது ரெண்டும் ராக்கெட்ல ஏத்தி விட்டதா?"

"ஆமா அண்ணாச்சி. டிவிக்காரங்க படம் அனுப்புறது இந்த மாதிரி ஒண்ணு வழியாத்தான்."

"அப்பம் நம்ம மாடியில கெடக்க டிஷ்ஷு இந்த வரிசையத்தான் பாத்துக்கிட்டு கெடக்கா?"

"இந்த வரிசையில ஏதோ ஒண்ண."

அவர் டார்ச்சை அணைத்தார். கச்சையின் நடு நட்சத்திரத்துக்கும் கிழக்கு நட்சத்திரத்துக்கும் இடையே எந்த இடம் என்று கையை நீட்டிக் காட்டச் சொன்னார். காட்டினேன். கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியாது என்று சொன்ன பிறகும், கண் இருட்டுக்குப் பழகும்வரை அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.